அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

நான் மனு தட்டச்சு செய்பவள். தென்காசியில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் எனக்கு ஒரு கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்டூல் போட்டால் நிறைந்துவிடும். இருபது வருடமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஜனங்கள் தங்கள் வருத்தத்தைச் சொல்லுகிறார்கள், நான் அதை மனுவாக்குகிறேன். வருத்தம் ஆயிரம் விதம் உண்டு. மனு ஏழெட்டு விதம்தான்.

அந்த ஏழெட்டுக்கும் கம்ப்யூட்டரில் வார்ப்பு வைத்திருக்கிறேன், பெயரையும் நேரத்தையும் மாற்றினால் போதும். பட்டா மனு என்றால் நிலத்தைக் 'காலங்காலமாக ஆண்டு அனுபவித்து' வந்திருப்பார்கள். வாய்ச்சண்டை என்றால் எதிராளி 'தகாத வார்த்தைகளால்' திட்டியிருப்பார். விபத்து என்றால் வண்டி 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' வந்திருக்கும். என் கடையில் எந்த வண்டியும் மெதுவாக மோதியதே கிடையாது. ஒருமுறை வயலிலிருந்து வந்த மாட்டுவண்டிக்கும் அதையே போட்டுக் கொடுத்துவிட்டேன். மனு கொடுத்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "எக்கா, இத வாசிச்சுக் காட்டுனா அந்த மாடு ரெண்டும் சந்தோசப்படும்" என்றார். மாற்றித் தரவா என்று கேட்டேன். "வேண்டாம், கெடக்கட்டும், கெத்தா இருக்கு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சென்ற சீசனில் இந்த இரண்டு வார்த்தைகளும் ஒரு ஆட்டோவை நாலு நாள் ஸ்டேஷன் வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. சீசன் என்றால் குற்றாலத்தில் தண்ணீர் விழும் இரண்டு மாதம். ஆட்டோக்காரருக்கு வருடமே அந்த இரண்டு மாதம்தான். மனு நான் எழுதியது. மனுதாரரும் நானே.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். மகள் பள்ளிக்கூடம் விட்டுப் பத்து நிமிடம் தாமதித்தால் என் மனதில் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. மேலகரத்திலிருந்து சைக்கிளில் போய் வருவாள். வாசல் படியிலிருந்து அவள் இறங்கும்போது, "மெதுவா போ, ஓரமா போ, நேரா வா, சீக்கிரம் வா" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து கேட்டாள்.

"எம்மா, என்னைக்காவது என்கிட்ட வெறும் 'போ'ன்னு சொல்லிருக்கியா?"

"சொன்னா நீ போயிருவியே."

அந்தச் சனிக்கிழமை அவள் குற்றாலத்தில், ஐந்தருவி ரோட்டுப் பக்கம் இருக்கும் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மாலையில் சாரல் பிடித்தது. மாடியில் காய்ந்த துணியை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு ஆண்குரல்.

"தங்கச்சி, பயப்படாதீங்க."

பயந்தவளிடம் யாரும் அப்படித் தொடங்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் பாதிதான் விழுந்தது. எலும்பு டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்றே தெரியாது. நர்ஸ் என் கையிலிருந்து எதையோ பிடுங்குகிறாளே என்று பார்த்தால், இரண்டு துணி கிளிப்புகளை இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன். உள்ளங்கையில் அவற்றின் பல் பதிந்திருந்தது.

மகள் கட்டிலில் கிடந்தாள். தாடையில் ரத்தம். வலது மணிக்கட்டு பன்போல வீங்கியிருந்தது. சுவரோரம் ஐம்பது வயதிருக்கும் ஒருவர் காக்கிச் சட்டையோடு நின்றார். சட்டையில் என் பிள்ளையின் ரத்தம்.

"எந்த வண்டி?" என்று கேட்டேன்.

"நம்ம ஆட்டோதான் தங்கச்சி, ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் பைய வெளியே போய்விட்டார். மகள் கண்ணைத் திறந்து, "குரங்கும்மா" என்றாள். ஊசி போட்டதில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து நர்ஸின் தோளில் சாய்ந்து அழுதேன்.

மணிக்கட்டில் சிறு முறிவு. ஆறு வாரம் கட்டு. மற்றபடி ஒன்றுமில்லை என்று டாக்டர் நாலு முறை சொன்னார். ஐந்தாவது முறையும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, கடையைத் திறந்தேன். அன்றைக்குக் கடை கிடையாது. எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, கோபப்படத் தெரிந்த இடம் எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். விபத்து வார்ப்பைத் திறந்தேன். பெயரையும் நேரத்தையும் மாற்றினேன். மற்றதை விரல்களே பார்த்துக்கொண்டன. ஸ்டேஷனில் கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்று சாயங்காலமே ஆட்டோவைக் கொண்டுபோய் விசாரணைக்காக நிறுத்திவிட்டார்கள்.

அவர்தானே என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. 'இடிக்காதவன் எதுக்குத் தூக்கிட்டு வாறான்?' இருபது வருடம் மனு எழுதினால் மனிதருக்கு இப்படி ஒரு மூளை வாய்த்துவிடுகிறது.

திங்கட்கிழமை டீ கொண்டுவந்த பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"எக்கா, மேலகரத்து அண்ணாச்சி ஆட்டோவ நிறுத்திட்டாங்களாம்லா. ஒங்க மனுதானாமே."

"ஆமா. அதுக்கு என்ன இப்போ?"

"இல்ல, நல்ல சாரல் அடிக்குது. அருவிக்கு அம்புட்டுக் கூட்டம் வருது. இந்த ரெண்டு மாசம் ஓட்டுனாத்தான் அவருக்கு மத்த மாசம் அடுப்பு எரியும்."

"பிள்ளைய இடிச்சவருக்கு எதுக்கு அடுப்பு?"

டீயில் சர்க்கரை இல்லை என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை டீயும் அப்படியே வந்தது.

புதன்கிழமை மகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. தமிழ் இலக்கணம். வீட்டில் கிடைக்கும் ஏதாவது ஒரு அச்சடித்த தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள வினையடைகளுக்கு அடிக்கோடு, பெயரடைகளுக்கு வட்டம், மற்றச் சொற்களைத் தொடக் கூடாது. போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கட்டுப்போட்ட கையோடு அவள் பேனா பிடிக்க முடியாது. அவள் சொல்ல நான் கோடு போடுவதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டில் எழுதிப் பார்க்கும் தாளுக்குப் பஞ்சம் கிடையாது. கடையில் பிழையாக அச்சாகும் மனுக்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். பின்பக்கம் வெள்ளைதானே. என் மகள் எல்.கே.ஜி.யில் யானை வரைந்ததே ஒரு ஜீவனாம்ச மனுவின் முதுகில்தான். கட்டிலின் கீழ் அந்தக் கட்டு இருந்தது. இடது கையால் மேல் தாளை உருவினாள். திருப்பிப் பார்த்தாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இதையே எடுத்துக்கிடுவோம்மா. இதுல நெறைய இருக்கும்."

எட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த முதல் பிரிண்ட். ஓரத்தில் மை தீற்றியிருந்ததால் ஒதுக்கி வைத்தது. எனக்கு மடியில் கனமில்லை என்றே அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"மொதல்ல வினையடைன்னா என்னன்னு சொல்லுட்டி."

"வினைக்குப் போடுற சட்ட. 'வந்தான்'னா வெறும் உடம்பு. எப்படி வந்தான், எப்ப வந்தான், எங்கன வந்தான்னு கேட்டா ஒரு வார்த்த பதில் சொல்லுதுல்லா, அது."

"பெயரடை?"

"பெயருக்குப் போடுற சட்ட. 'வேகமான'ன்னா பின்னால ஒரு பெயரு வந்து நிக்கணும். வேகமான வண்டி. 'வேகமாக'ன்னா வினை வந்து நிக்கணும். வேகமாக வந்தது."

"இதுக்கா ஒரு பீரியடு? 'ன'ல முடிஞ்சா வட்டம், 'க'ல முடிஞ்சா கோடு. குடு இங்கன."

மளமளவென்று இரண்டு கோடு போட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ரெண்டும் தப்பு."

"எப்படித் தப்பு? 'ஒன்பதாம் வகுப்பு மாணவியாக.' ககரத்துல முடியுதா இல்லியா?"

"மாணவிங்கிறது ஆளும்மா. எப்படிப் படிக்கா, மாணவியா படிக்கான்னு யாராவது பதில் சொல்லுவாங்களா? அது பெயரு, 'ஆக'வப் பிடிச்சுத் தொங்குது. நல்லா படிக்கான்னு போட்டிருந்தா அது வினையடை."

"அப்படிப் போட்டா பொய்யாயிரும். மனுவுல பொய் போடக் கூடாது."

இதைச் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் கவனிக்காததுபோல அடுத்ததைக் காட்டினேன்.

"'சிகிச்சைக்காக'வுக்கு என்ன குறை?"

"அது 'க்கு'க்குப் பின்னால வந்த 'ஆக'. எதுக்குன்னு கேட்டாத்தான் பதில் வருது. அது வேற்றுமை. ஒன் ககரத்த நம்பி எறங்காத."

மனு எழுதியே பெயர் வாங்கியவளுக்கு ஒன்பதாம் வகுப்புக்காரியிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இப்படித் திட்டு வாங்குவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு நாளாக அவள் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு அது. இன்னும் இரண்டு தப்பு வேண்டுமென்றே செய்யலாம் என்றுகூடத் தோன்றியது. செய்யத் தேவைப்படவில்லை. தானாகவே வந்தன.

'சுமார் ஐந்து மணியளவில்' என்ற இடத்தில் சுமாருக்குக் கோடு போட்டேன். அது வினையைத் தொடவே இல்லை, ஐந்தின் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்றாள். 'நிலைதடுமாறி'க்குப் போட்டேன். அதுவே ஒரு வினை, வினையெச்சம், தடுமாறியது ஒரு வேலை, விழுந்தது இன்னொரு வேலை என்றாள். 'பலத்த காயம்' மட்டும் நான் சரியாக வட்டமிட்டேன். 'நேற்று' பற்றிக் கொஞ்சம் சண்டை வந்தது. அது பெயர்தானே, நேற்றைய சோறு என்கிறோமே என்றேன். பெயர்தான், ஆனால் இங்கே எப்போது என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வினைக்கு வேலை பார்க்கிறது, அதனால் டீச்சர் தப்பென்று சொல்ல மாட்டார்கள், கோடு போடு என்றாள். 'கீழே விழுந்து' என்பதில் 'கீழே'க்குக் கோடு போடச் சொல்லிவிட்டு, "கீழ விழாம மேலயாம்மா விழுவாங்க? இதெல்லாம் எதுக்கு எழுதுத?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் எழுதணும். இருபது வருசமா எல்லாரும் என் மனுவுல கீழதான் விழுதாங்க."

பிறகு 'சாலையின் இடது ஓரமாக மெதுவாக வந்துகொண்டிருந்தபோது' என்ற வரி வந்தது.

"இது ரெண்டும் சுத்தமான வினையடை" என்றேன். "எப்படி வந்தா? ஓரமா வந்தா, மெதுவா வந்தா. போடவா?"

"இலக்கணப்படி போடலாம்."

"வேற எப்படிப் போடலாம்?"

"நான் மெதுவா வரலம்மா."

பேனா நின்றது.

"அடுத்த வரியையும் படி" என்றாள். படித்தேன். பின்னால் வந்த ஆட்டோவை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில். "கோடு போடு. ரெண்டுமே வினையடை. டீச்சர் முழு மார்க் போடுவாங்க. ஆனா அந்த ஆட்டோ நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"யாரு சொன்னா?"

"நான்தாம்மா போய் மோதுனேன். எனக்குத் தெரியாதா?"

அவள் அன்று முதன்முறையாக முழுதாகச் சொன்னாள். நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன். தோழி வீட்டில் ரம்புட்டான் பழம் ஒரு பை கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அதைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள். சாரலுக்கு முன்னால் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று வேகம். பழக்கடைக் கூரையிலிருந்து ஒரு குரங்கு கூடைமேல் குதித்திருக்கிறது. இவள் பிரேக்கை விட்டுவிட்டுப் பையைப் பிடித்திருக்கிறாள். ரோட்டோரம் ஆட்டோ நின்றது. அண்ணாச்சி அதில்கூட இல்லை. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிவந்து இவளைத் தூக்கியிருக்கிறார்.

"பை என்ன ஆச்சு?" எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

"கொரங்கு கொண்டு போயிட்டு."

"இத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேம்லா! கொரங்குன்னு சொன்னேன். நீ அந்த நர்ஸ் அக்காவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, என் பிள்ளைக்குப் புத்தி பெரண்டு போச்சேன்னு அழுத."

"பொறவு சொல்லிருக்கலாம்லா."

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "ஸ்டேஷன் போனியேன்னு கேட்டேன். பெரியவங்க பாத்துக்கிடுவோம்னுட்ட. நீ இப்படி எழுதிருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேகமா வந்தேன்னு சொன்னா நீ சைக்கிளத் தூக்கிப் பரண்ல போட்டுருவ."

போட்டிருப்பேன்தான்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது, திரும்பி வந்ததும் நான் செய்தது பேரம். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு வேறு மனு கொடுத்துவிடலாம் என்றேன். வேகமும் இல்லை, அஜாக்கிரதையும் இல்லை என்றால் ஆட்டோவை விட்டுவிடுவார்கள். எனக்கும் பெரிய அவமானம் இல்லை.

"சரி, எடுத்துரு" என்றாள். "வினையடைய எடுத்தாலும் வாக்கியம் நிக்கும். இப்ப படி."

அந்த இரண்டு சொற்களையும் விரலால் மறைத்துக்கொண்டு படித்தேன். ஆட்டோவை ஓட்டி வந்து மோதியதில். வாக்கியம் நன்றாகத்தான் நின்றது.

"மோதுனது யாரு?" என்றாள்.

சட்டையைக் கழற்றிய பிறகும் உள்ளே இருந்தது பொய்தான்.

என் வீட்டுக்காரர் சுரண்டை மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். அன்று அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிரு" என்றார்.

"டைப்பிங்ல ஒரு மிஸ்டேக்கும் இல்ல. அதான் இப்ப பிரச்சினையே."

மனு கொடுப்பவர்கள் எத்தனையோ பேர் ஒரு வாரம் கழித்து வந்து வாபஸ் மனு கேட்பார்கள். அவர்களை எல்லாம் நான் கொஞ்சம் ஏளனமாகப் பார்த்திருக்கிறேன். இப்போது நானே போய் நிற்க வேண்டும். நாளைக்கு எவர் என் ஸ்டூலில் உட்காருவார்? பொய்யாக மனு போடுகிறவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். இதையெல்லாம் யோசித்தேன். அதே நேரத்தில் வெளியே சாரல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குற்றாலத்தில் நல்ல தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும், கூட்டம் அள்ளும், ஒரு ஆட்டோ மட்டும் ஓடாமல் நனைந்துகொண்டிருக்கும்.

வியாழக்கிழமை காலையில் மகளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரைத் திறந்து, வெற்றுப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தேன். குரங்குக்கு என்னிடம் வார்ப்பு இல்லை. இருபது வருடத்தில் ஒரு மனுவிலும் குரங்கு எதிர்வாதியாக வந்ததில்லை. 'குரங்கானது திடீரென்று' என்று தொடங்கினேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகள், "குரங்கானது என்ன குரங்கானது? குரங்குன்னு போடு" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். 'என் மகள் சைக்கிளை வேகமாக ஓட்டி வந்தாள். கூடையில் பழம் இருந்தது. ஒரு குரங்கு கூடையின் மேல் குதித்தது. அவள் பிரேக்கை விட்டாள். நின்றுகொண்டிருந்த ஆட்டோவின் பின்பக்கத்தில் மோதினாள். ஓட்டுநர் அப்போது ஆட்டோவில் இல்லை. அவர்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். முதல் மனுவில், நான் பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதிவிட்டேன்.' கடைசி வரியை மட்டும் அவள் சொல்லவில்லை.

மகளை டீக்கடைக்காரர் பொறுப்பில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவளுக்கு அவர் பால் கொடுத்தார், சர்க்கரை போட்டு.

ஸ்டேஷனில் மனு வாங்கும் ரைட்டர் எனக்குப் பழக்கம். என் மனுவில் எழுத்து சுத்தமாக இருக்கும் என்று நாலு பேர் முன்னால் சொன்னவர். புது மனுவை வாங்கிப் படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"எக்கா, இது நீங்க எழுதுனதா?"

"நான்தான்."

"வாக்கியமெல்லாம் குட்டை குட்டையா இருக்கே. ஒடம்பு சரியில்லையோன்னு பாத்தேன்." பிறகு பக்கத்து மேஜைப் பெண் போலீஸிடம் நீட்டினார். "இங்க பாரும்மா, இந்த மனுவுல குரங்கு வந்திருக்கு."

"பேரு போட்டிருக்காங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"வயசு, விலாசம் ஒண்ணும் இல்ல." அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏங்க்கா, நேர்ல பாக்காததுக்கு எப்படி அம்புட்டுத் தெளிவா எழுதுனிய? அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்னு. வாசிச்சப்போ எனக்கே அந்த ஆட்டோ பறந்து வந்தது கண்ணுல தெரிஞ்சுது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து எம்.வி.ஐ. வந்து வண்டியச் சோதிக்கணும்னு எழுதி அனுப்பிட்டேன். இன்னைக்கு நீங்க வரலைன்னா அது இன்னும் பத்து நாள் இங்கன கெடக்கும்."

பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் சொல்லாமலே அந்தப் பெண் போலீஸ் தண்ணீர் கொடுத்தாள். மடமடவென்று குடித்தேன். அந்த வாரம் பிடித்த பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்ததால் வந்ததா, அதற்கு மறுநாள் நான் செய்ததால் வந்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ரைட்டர் போன் போட்டு அண்ணாச்சியை வரச் சொன்னார். அரைமணி நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கினார். குடை இல்லை. தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பிள்ளை எப்படியிருக்கா?" என்று கேட்டார். முதலில் கேட்டது அதைத்தான்.

"நல்லாயிருக்கா. அண்ணாச்சி, தப்பா எழுதிட்டேன். மாத்தி எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டியதும் நிதானமாகப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்டாண்டுல எல்லாப் பயலும் சிரிக்கான் தங்கச்சி. என் வண்டி அதிவேகமா போச்சாம். முப்பதத் தாண்டுனா அதுக்கு மூச்சு வாங்கும். அத அதிவேகம்னு எழுதுன ஒரே ஆளு நீங்கதான்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். பெண் போலீஸ் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"நாலு நாள் நல்ல சாரலு" என்றார். "நாலு நாளும்."

மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி என்றேன். அவர், "ஆத்தாக்காரி அன்னைக்கு எந்த நிலமையில இருந்தியன்னு நானும் பாத்தேம்லா" என்றார். அது மன்னிப்பா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாவியை வாங்கிக்கொண்டு வளாகத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஆட்டோவின் சீட்டில் வேப்பிலை ஒட்டிக்கிடந்தது. பின்பக்கத் தகரத்தில் என் மகளின் சைக்கிள் பதித்த ஒடுக்கு. முதல் மனு எழுதும் முன் ஒருதரம் வந்து அதைப் பார்த்திருந்தால் போதும். பின்னால் ஒடுங்கியிருக்கிற வண்டி எப்படி முன்னால் போய் மோதும்?

உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யும் நெம்புகோலை இழுத்தார். முனகியது. மறுபடி இழுத்தார். முனகவும் இல்லை.

"ஈரம் எறங்கிட்டு" என்றார். "தள்ளணும்."

ரைட்டர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெண் போலீஸ் இறங்கி வருவதற்குள் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஒடுக்கிலேயே இரண்டு கையையும் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

"நீங்க விடுங்க தங்கச்சி, போலீஸ்காரங்க யாராவது…"

"நீங்க கியர்ல போடுங்க அண்ணாச்சி."

பெண் போலீஸும் வந்து சேர்ந்தாள். "யக்கா, மனுதாரரே எதிர்மனுதாரர் வண்டியத் தள்ளுறத நான் இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. சேற்றில் என் செருப்பு ஒன்று நின்றுவிட்டது. விட்டுவிட்டுத் தள்ளினேன். வாசல் கேட்டைத் தாண்டும்போது வண்டி ஒருமுறை குலுங்கியது, இருமியது, என் முகத்தில் கறுப்புப் புகையைத் துப்பிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று அவர் நிறுத்தவில்லை. ரோட்டில் ஏறிக் குற்றாலத்துப் பக்கம் திரும்பினார். முனையில் துண்டும் வாளியுமாக ஒரு குடும்பம் சாரலில் நின்றுகொண்டிருந்தது, பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு. அவர்கள் கையைக் காட்டினார்கள். நிறுத்துவாரா, மாட்டாரா என்று ஒற்றைச் செருப்போடு பார்த்துக்கொண்டே நின்றேன்.

என்ஜினை உறுமவிட்டபடியே நிறுத்தினார். ஆறு பேரும் ஏறிக்கொண்டார்கள்.